பாறையில் பதினேழு

உயிர்கள் எல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், வெயிலுக்கு இடத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. நேற்று எவ்வளவு சூடு என்று யாரையாவது கேட்டால், எந்தப் பக்கத்துக் கணக்கில் சொல்ல வேண்டும் என்று திருப்பிக் கேட்பார்கள்.

கண்மாய்ப் பக்கம் கணக்குச் சொன்னவள் பெருவாயி என்ற தவளை. பெயருக்கேற்ற வாய். ஒரு மார்கழிக் காலையில், தொண்டையே கட்டிப்போகிற குளிரில், அவள் தண்ணீருக்குள் காலை வைத்துப் பார்த்தாள். “இதுதான் அடி. இதுக்குக் கீழே குளிர் கிடையாது” என்று அன்றே முடிவு செய்துவிட்டாள். அந்த அடியிலிருந்து சூடு ஏற ஏற ஒன்று, இரண்டு, மூன்று என்று படி எண்ணினாள். அவள் தோல் மெல்லியது, துளி சூடு கூடினாலும் தெரிந்துவிடும். அதனால் அவளுடைய படிகள் சின்னச் சின்னப் படிகள்.

கண்மாய்க்கு மேற்கே கல்லும் முள்ளுமாக ஒரு கரடு கிடந்தது. அங்கே கணக்குச் சொன்னவர் பாறையாண்டி என்ற ஓணான். காலையில் வெயில் பட்டு உடம்பு இளகும் வரைக்கும் அவர் காய்ந்த குச்சி மாதிரிக் கிடப்பார். எறும்பு மேலே ஏறிப் போனாலும் தெரியாது. கண் திறந்து, வால் அசைகிற அந்த நொடிதான் அவருக்குச் சூட்டின் அடி. அங்கிருந்து அவரும் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். ஆனால் முரட்டுத் தோல் பாருங்கள், நன்றாக உறைத்தால்தான் ஒரு படி ஏற்றுவார். எண்ணைச் சொல்லும்போது தலையை மேலும் கீழும் ஆட்டி, தானே அதற்குச் சாட்சியும் சொல்லிக்கொள்வார்.

“பாறையாண்டிக்கு எண்ணவே வராது. மண்டையப் பொளக்கிற வெயிலப் போயி பதினஞ்சுங்கிறாரு” என்று கண்மாய்க்காரர்கள் சிரிப்பார்கள். “பெருவாயி அளந்து விடுறா. பச்சத் தண்ணிக்கு இருபதாம்” என்று கரட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். இரண்டு பேர் கணக்கும் சரிதான் என்பது யாருக்கும் தோன்றவில்லை. தோன்ற வேண்டிய அவசியமும் வரவில்லை. கண்மாயில் பிறந்தவர்கள் கண்மாயிலேயே இருந்தார்கள், கரட்டில் பிறந்தவர்கள் கரட்டிலேயே இருந்தார்கள். ஒரு வம்பும் இல்லாமல் நாள் ஓடியது.

முதலில் எல்லை தாண்டியது ஓர் ஆட்காட்டிப் பறவைக் குடும்பம். மனைவி பெயர் மஞ்சக்காலி, கணவன் பெயர் கருந்தலையன். இருவரும் கண்மாய்க் கரையில் பிறந்து வளர்ந்தவர்கள். போன வருடம் கரையோரச் சேற்று மேட்டில்தான் முட்டையிட்டார்கள். மேற்கே எங்கோ பெய்த கோடை மழை ஒரே நாளில் கண்மாயை நிரப்பியது. நான்கு முட்டைகளும் தண்ணீரோடு போயின. மஞ்சக்காலி பத்து நாள் அந்தக் கரையை விட்டு நகரவில்லை. மிதந்து வருகிற ஒவ்வொரு சுரைக்காய்க் கூட்டையும் ஓடிப்போய்ப் பார்த்தாள்.

“இனிமே எனக்குத் தண்ணிக்கரை வேணாம்” என்று சொல்லிவிட்டாள். கருந்தலையனும் ஒத்துக்கொண்டான். இந்த வருடக் கோடையில் கரட்டுக்குப் போய், கூழாங்கற்களுக்கு நடுவே ஒரு குழி பறித்து, நான்கு முட்டை இட்டார்கள். கல்லும் முட்டையும் ஒரே நிறம், ஒரே புள்ளி. நரி வந்து மோந்து பார்த்துவிட்டுக் கல் என்று போய்விட்டது. மஞ்சக்காலிக்கு அன்றைக்குத்தான் வயிறு குளிர்ந்தது.

ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. ஆட்காட்டியின் காலுக்குச் சூடு உறைக்காது. அடுப்பு போல் காய்கிற பாறையிலும் அலட்டிக்கொள்ளாமல் நடந்து போகிற இனம். முட்டைக்கு எவ்வளவு சூடு என்று காலை வைத்துப் பார்த்து அதற்குத் தெரியாது. கண்மாயில் இருந்தவரைக்கும் பெருவாயி கத்துகிற எண்ணைக் கேட்டுத்தான் எல்லாம் செய்வார்கள். முப்பதுக்குக் கீழே இறங்கினால் மேலே உட்கார்ந்து அடைகாக்க வேண்டும். நாற்பதைத் தாண்டினால் குஞ்சு உள்ளேயே வெந்துபோகும். அந்த இரண்டு எண்ணைத் தவிர மஞ்சக்காலி வேறு எதையும் மனப்பாடம் செய்ததில்லை.

கரட்டில் முதல் நாள் காலையில் பாறையாண்டி தலையை ஆட்டி, “எட்டு” என்றார்.

மஞ்சக்காலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டு என்றால் மார்கழிக் குளிர். ஓடிப்போய் முட்டைகள் மேல் உட்கார்ந்தவள் அன்று முழுவதும் எழுந்திருக்கவில்லை. மத்தியானம் பதின்மூன்று என்று கேட்டபோது இன்னும் ஒடுங்கி உட்கார்ந்தாள். வெயிலில் நாக்கு வறண்டு, அலகைப் பிளந்து மூச்சு வாங்கினாள். உடம்பு கொதிக்கிறது, எண்ணோ குளிர் என்கிறது. அவள் எண்ணைத்தான் நம்பினாள்.

கருந்தலையன் கெட்டிக்காரன். இதில் ஏதோ கோளாறு என்று அவனுக்குப் பட்டது. மறுநாள் அவன் கண்மாய்க்கும் கரட்டுக்கும் நடுவே, இரண்டு குரலும் கேட்கிற ஒரு பனங்கன்றின் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். அந்த இரண்டு பேரும் சூடு மாறும்போதெல்லாம் எத்தனை படி மாறியது என்று கத்துவது வழக்கம். கீழைக்காற்று ஒருமுறை வீசிவிட்டுப் போனது. “நாலு எறக்கம்” என்றாள் பெருவாயி. “ரெண்டு எறக்கம்” என்றார் பாறையாண்டி. காற்று நின்றது. “ஆறு ஏத்தம்” என்று கண்மாயிலிருந்து வந்தது. “மூணு ஏத்தம்” என்று கரட்டிலிருந்து வந்தது. சாயங்காலம் வரை நின்று கேட்டுவிட்டு, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு வீடு வந்தான்.

“இந்தா புள்ள, கண்டுபிடிச்சிட்டேன். இவரு ஒரு படி நம்ம பெருவாயி மதினிக்கு ரெண்டு படி. இவரு சொல்றத ரெண்டு மடங்காக்கிக்க. முடிஞ்சது சோலி.”

“நெசமாவா சொல்றீக?”

“காலையிலேர்ந்து நின்னு கேட்டுருக்கேன். ஒரு தடவ கூடத் தப்பல.”

மஞ்சக்காலிக்குத் தன் கணவனை நினைத்துப் பெருமையாக இருந்தது. இருக்கத்தானே செய்யும். அவன் கண்டுபிடித்தது பொய்யும் இல்லை. மாறுகிற படிக்கு மாறுகிற படி, ஒன்றுக்கு இரண்டுதான். ஆனால் ஒவ்வொரு கணக்கின் அடியும் எங்கே தொடங்குகிறது என்பதை அவன் கேட்கவே இல்லை. பாதி வழி வந்தவன் ஊர் வந்துவிட்டதாக நினைத்து மூட்டையை இறக்கி வைத்துவிட்டான்.

அதற்கப்புறம் சில நாள் நிம்மதியாகப் போனது. காலையில் பத்து என்பார் பாறையாண்டி. இருபது, அடைகாக்க வேண்டும் என்று உட்காருவாள். மத்தியானம் பதினைந்து என்பார். முப்பது, போதும் என்று எழுந்து இரை தேடப் போவாள். முட்டைக்குள் குஞ்சுகள் வளர்ந்துவிட்டன. அந்தக் காலத்தில் பொரிக்கப் போகிற குஞ்சுகள் ஓட்டுக்குள்ளிருந்தே பேசும். நான்கும் நான்கு விதம். ஒன்று ஓயாமல் கேள்வி கேட்கும், ஒன்று எப்போதும் தூக்கம் என்று சொல்லும், ஒன்று பக்கத்து முட்டையைத் தட்டித் தட்டி வம்புக்கு இழுக்கும், நான்காவது அம்மா என்பதைத் தவிர வேறு பேசாது. மஞ்சக்காலி குழியின் ஓரம் நின்று அவற்றோடு பேசிக்கொண்டே இருந்தாள். போன வருடத்துக் குஞ்சுகளின் குரலைக் கேட்க அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை. அதனால் இந்தக் குரல்களைக் கேட்டு அவளுக்குத் தெவிட்டவில்லை.

சித்திரை பிறந்தது. மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் பாறையாண்டி தலையை நான்கு முறை ஆட்டி, “பதினேழு” என்றார்.

“முப்பத்திநாலு” என்றான் கருந்தலையன். “நல்ல இதமான சூடு. நீ போயி ஒரு வாய் சாப்பிட்டு வா.”

அப்போது முட்டைக்குள்ளிருந்து கேள்விக்காரக் குஞ்சின் குரல் வந்தது. “அம்மா, ஏன் இப்படிப் புழுங்குது?”

“புழுங்குதா கண்ணு?”

“மூச்சு முட்டுது.”

மஞ்சக்காலி கணவனைப் பார்த்தாள். அவன் மனதுக்குள் மறுபடியும் பெருக்கிப் பார்த்தான். பதினேழும் பதினேழும் முப்பத்திநாலு. எத்தனை முறை பெருக்கினாலும் அதேதான் வந்தது.

“நாப்பதுக்கு இன்னும் ஆறு படி கெடக்கு புள்ள. பொறக்கப் போறதுக, உள்ளே எடம் பத்தல, அதான் அனத்துதுக.”

அவள் குனிந்து மற்ற முட்டைகளைத் தட்டினாள். வம்புக்காரன் பதில் சொல்லவில்லை. தூங்குமூஞ்சி தூக்கம் என்றுகூடச் சொல்லவில்லை. நான்காவது மட்டும் மெல்ல, “அம்மா” என்றது. அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்குக் கணக்கின் மேலிருந்த நம்பிக்கை விட்டுப்போனது. போன வருடம் தண்ணீர் கொண்டுபோனதை இந்த வருடம் வெயில் கொண்டுபோய்விடும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“நீக இதுக மேல நெழலா நில்லுங்க” என்று சொல்லிவிட்டுப் பாறையாண்டியிடம் ஓடினாள். அவர் பாறை பத்தடி தூரம்தான்.

“பெரியய்யா, உள்ளதச் சொல்லுங்க. நாப்பது தாண்டிருச்சா?”

பாறையாண்டி சிரித்துவிட்டார். “நாப்பதா? நாப்பதுன்னா நான் சாம்பலால்ல தாயி கெடப்பேன். பதினேழு. தலையாட்டிச் சொன்னேனே, பாக்கலையா?”

“எங்க பெருவாயி மதினி கணக்குல எவ்வளவு?”

“அவுக கணக்கு அவுகளுக்கு. எனக்கென்ன தெரியும்?”

ஒரே பறப்பாகக் கண்மாய்க்குப் போனாள். பெருவாயி ஆம்பல் இலை நிழலில் கழுத்தளவுத் தண்ணீரில் இருந்தாள். “இங்க இருபது” என்று கேட்பதற்கு முன்பே சொன்னாள்.

“மதினி, கரட்டுல எவ்வளவு இருக்கும்? கொஞ்சம் வந்து தொட்டுப் பாத்துச் சொல்லுங்க. எம்புள்ளைக பேச மாட்டேங்குதுக.”

பெருவாயியின் பெரிய வாய் சுருங்கியது. “வரமாட்டேன்னு சொல்லல ஆத்தா. அந்த வெயில்ல நாலு தாவு தாவுனா என் தோலு காஞ்சு அங்கனயே விழுந்துருவேன். அவரக் கூட்டிட்டு வா. ரெண்டு பேரும் ஒரே எடத்துல நின்னு தொட்டுப் பாத்தா அப்பத் தெரியும், எது எவ்வளவுன்னு.”

“அவரு தண்ணின்னா பத்தடி தள்ளி ஓடுவாரே.”

“அப்ப ரெண்டுல ஒண்ணு நடக்கணும். கரடு இங்க வரணும், இல்லாட்டி கண்மாய் அங்க போகணும்.”

பெருவாயி இதைக் கேலியாகச் சொல்லவில்லை. வழி தெரியாமல்தான் சொன்னாள். மஞ்சக்காலி ஒரு நொடி தண்ணீரைப் பார்த்தாள். ஆட்காட்டிகள் கரையோரம் கால் நனைப்பார்கள், அதற்கு மேல் இறங்க மாட்டார்கள். இறகு நனைந்தால் பறக்கக் கனக்கும், துரத்துகிற பருந்துக்குத் தோதாகிவிடும். அவள் பிறந்ததிலிருந்து யாரும் செய்து பார்க்காததை அன்று செய்தாள். பெருவாயி உட்கார்ந்திருந்த அதே இடத்தில் இறங்கி, காலை மடக்கி, நெஞ்சையும் வயிற்றையும் தண்ணீருக்குள் அமுக்கினாள். இறகுகளைச் சிலிர்த்து அடிவரைக்கும் தண்ணீர் ஏறவிட்டாள். பிறகு முழு பலத்தையும் கொடுத்து எழும்பினாள்.

கனம் இழுத்தது. தாழப் பறந்து, பனங்கன்றை உரசிக்கொண்டு, வந்த வேகத்தில் பாறையாண்டியின் முன்னால் இறங்கினாள்.

“பெரியய்யா, என் வயித்துல கைய வையுங்க. இது எவ்வளவு?”

“தண்ணியா?” அவர் பின்னால் நகர்ந்தார்.

“என் புள்ளைக உசுரு. வையுங்க.”

அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு முன்காலை நீட்டி, சொட்டுகிற இறகுக்குள் வைத்தார். தண்ணீர் என்றால் பிடிக்காது, ஆனால் எண்ணும் வேலை என்றால் ஏமாற்ற மாட்டார். நிதானமாகத் தொட்டுப் பார்த்து, தலையை ஆட்டி, “அஞ்சு” என்றார்.

அஞ்சின் இரட்டிப்பு பத்து. ஆனால் பெருவாயி இதே தண்ணீரை இருபது என்றாளே.

“பெரியய்யா, பத்துப் படி கொறையுதே. அது எங்க போச்சு?”

“கொறையாது தாயி. கண்ணு முழிச்சதுலேர்ந்து ஒவ்வொண்ணா எண்ணிருக்கேன்.”

“முழிக்கிறதுக்கு முன்னாடி?”

“முன்னாடி நான் எங்க எண்ணுறது? கட்டையாக் கெடப்பேன்.”

மஞ்சக்காலிக்குப் புரிந்துவிட்டது. இவர் கட்டையாகக் கிடக்கிற அந்த நேரத்தில் கண்மாயில் பெருவாயி விழித்திருக்கிறாள், எண்ணிக்கொண்டிருக்கிறாள். இவர் வால் அசையும்போது அவள் பத்தாவது படியில் ஏறி நிற்கிறாள். இரட்டிப்பாக்கினால் போதாது, அந்தப் பத்தையும் கூட்ட வேண்டும். பதினேழின் இரட்டிப்பு முப்பத்திநாலு, அதோடு பத்து.

“நாப்பத்திநாலு” என்றாள்.

முட்டைகளிடம் ஓடினாள். கணவனைத் தள்ளிவிட்டு, நான்கு முட்டைகள் மேலும் நனைந்த இறகை விரித்து நின்றாள். கண்மாய்த் தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஓட்டின் மேல் விழுந்தது. விழுந்த சொட்டு நிற்கவில்லை, அப்படியே சுண்டிப் போனது. அவள் இறகை அழுத்திப் பிழிந்து விட்டாள். குழியிலிருந்து ஈர மண் வாசம் கிளம்பியது. தலையைக் குனிந்து ஓடுகளுக்குக் காது கொடுத்தாள்.

“அம்மா” என்றது நான்காவது.

“இருக்கேன் சாமி.”

“இன்னும் கொஞ்சம்.”

கருந்தலையன் அதைக் கேட்டான். உடனே பறந்தான். கண்மாயில் அவனும் மனைவி செய்ததுபோலவே இறங்கினான் என்று பெருவாயி பிறகு சொன்னாள். கொஞ்சம் அவசரப்பட்டு மூக்கில் தண்ணீர் ஏறிவிட்டதாம். அவன் வயிறு சொட்டச் சொட்ட வந்ததும் மஞ்சக்காலி போனாள். அவள் வந்ததும் அவன் போனான். ஒருவர் ஈரம் கொடுத்து நிழலாக நிற்க, இன்னொருவர் தண்ணீருக்குப் பறந்தார். பாறையாண்டி தன் பாறையில் நின்று சூடு இறங்குவதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். “பதினாறு” என்பார். “நாப்பத்திரெண்டு” என்று மஞ்சக்காலி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தண்ணீருக்குக் கிளம்புவாள். “பதினஞ்சு” என்றார். “நாப்பது” என்றாள், அப்போதும் நிற்கவில்லை. பொழுது மேற்கே சாய்ந்து “பதினாலு” என்று கேட்ட பிறகுதான் இருவரும் குழியின் இரண்டு பக்கமும் காலை மடக்கி உட்கார்ந்தார்கள்.

அதற்குள் கேள்விக்காரன் கேள்வியை ஆரம்பித்துவிட்டான். வம்புக்காரன் பக்கத்து ஓட்டைத் தட்டினான். தூங்குமூஞ்சி, “சத்தம் போடாதீக, தூக்கம் வருது” என்றது. மஞ்சக்காலி அழுதுகொண்டே சிரித்தாள்.

கருந்தலையன் ரொம்ப நேரம் தரையைக் கொத்திக்கொண்டிருந்தான். “என் கணக்கு தப்பாப் போச்சே” என்றான் கடைசியில்.

“தப்பு இல்லீக. பாதி சரி.”

“பாதிதான் இதுகளக் கொன்னுருக்கும்.”

“மீதிய நான் பாத்துக்கிட்டேன்ல. உங்க பாதி இல்லாட்டி எனக்கும் மீதி தெரிஞ்சிருக்காது.” சொல்லிவிட்டு அவன் கழுத்தில் ஒட்டியிருந்த பாசியை அலகால் எடுத்துவிட்டாள். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

அதிலிருந்து ஐந்தாம் நாள் விடியற்காலையில் நான்கு முட்டையும் பொரித்தன. நான்கு குஞ்சுகளும் ஈரம் காய்ந்த கையோடு எழுந்து, நெட்டைக் கால்களில் தள்ளாடி நடந்தன. பாறையாண்டி அப்போது இன்னும் கட்டையாகத்தான் கிடந்தார். அதனால் அவை பிறந்த நேரத்துச் சூடு கரட்டுக் கணக்கில் இல்லை. பெருவாயி மட்டும் கண்மாயிலிருந்து, “ஒம்போது” என்று பெரிய வாயைத் திறந்து கத்தினாள்.

கணக்குச் சொன்ன இரண்டு பேரும் தங்கள் கணக்கை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. பெருவாயி தன் மார்கழித் தண்ணீரிலிருந்தும், பாறையாண்டி தன் வால் அசைவிலிருந்தும் எண்ணிக்கொண்டே இருந்தார்கள். கண்மாயிலிருந்து கரட்டுக்கு யார் போனாலும் மஞ்சக்காலி நிறுத்தி, “ரெண்டு மடங்காக்கு, பத்தக் கூட்டு” என்று சொல்லியனுப்பினாள். கரட்டிலிருந்து கண்மாய்க்கு வந்தவர்களிடம், “மொதல்ல பத்தக் கழி, அப்பறம் பாதியாக்கு. முன்னப்பின்ன மாத்திப் போட்டுராத” என்றாள். கேட்டுக்கொண்டவர்கள் பிழைத்தார்கள்.

பின்னால் உயிர்களின் பேச்சு நின்றுபோனது. ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சுகள் புழுங்குகிறது என்று சொல்வதும் நின்றுபோனது. ஆனால் ஒரு தாய் தன் வயிற்றில் கண்மாயைச் சுமந்து போன அந்த உச்சிப்பொழுதிலிருந்துதான், சித்திரை வெயில் ஏறியதும் ஆட்காட்டிகள் ஆணும் பெண்ணுமாக மாறி மாறித் தண்ணீரில் இறங்கி, நெஞ்சை நனைத்து, தங்களைக் கூப்பிடாத முட்டைகளிடம் ஈரத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன.